மண்ணில் இறங்கிய நஞ்சை எடுக்க முடியுமா?

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்ன தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளரைக் கேட்டேன். "தலைப்பு உங்க இஷ்டம். ஆனா சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால பேசப் போறீங்க, அதை மட்டும் மனசுல வச்சிக்கிடுங்க" என்றார். சோற்றுக்கு முன்னால் பேசுவதற்குச் சோறு விளைகிற மண்ணை விடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. ஆகவே மண்ணைப் பற்றி, அதிலும் மண்ணில் சேர்ந்துவிடும் கன உலோகங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். ஈயம், பாதரசம், காட்மியம், குரோமியம் ஆகியவை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆர்செனிக் கண்டிப்பாகச் சொன்னால் உலோகமல்ல. ஆனாலும் செய்கிற காரியம் ஒன்றாக இருப்பதால் அதையும் இந்தப் பந்தியிலேயே உட்கார வைத்துவிடுவது வழக்கம்.

நாம் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். பழையாறும் பேச்சிப்பாறைத் தண்ணீரும் பாய்ந்த ஏலாக்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் எடுத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வயலை இன்னும் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், மனைகளாக்கி விற்றவர்களும் இருக்கிறீர்கள், அந்த மனையை வாங்கி மண் அடித்து வீடு கட்டியவர்களும் இருக்கிறீர்கள். இந்த மூன்று வகையினருக்கும் நான் சொல்லப் போவதில் ஏதோ ஒரு பங்கு உண்டு.

முதலில் ஒரு அடிப்படையான விஷயம். வயலில் சாணம் போட்டால் அது மக்குகிறது. செத்த நாயைப் புதைத்தாலும் மக்குகிறது. பல பூச்சி மருந்துகள்கூட வெயிலிலும் நுண்ணுயிர்களின் வாயிலும் பட்டு, நாளாக ஆக உடைந்து போகின்றன. ஆனால் ஈயம் ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரும் அதை உடைத்து வேறொன்றாக்க முடியாது. இன்று விழுந்த ஈயம் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஈயமாகவே இருக்கும். அதனால்தான் மண்ணைச் சுத்தம் செய்வது என்று வந்துவிட்டால் மூன்றே வழிகள்தான் மிஞ்சுகின்றன. ஒன்று, உலோகத்தை அந்த இடத்திலிருந்து எடுப்பது. இரண்டு, எடுக்காமல் அங்கேயே அசையவிடாமல் கட்டிப் போடுவது. மூன்று, அதன் வேதி வடிவத்தை மாற்றி வீரியத்தைக் குறைப்பது. பெரிய பெரிய பெயர்களில் எத்தனை தொழில்நுட்பம் வந்தாலும், அடியில் இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. கொடைக்கானல்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலை, 1983-ல் இயந்திரங்களோடு கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. முதலில் பாண்ட்ஸ் கம்பெனியின் கையில் இருந்தது. பின்பு பாண்ட்ஸ் இணைப்பின் மூலம் 1998-ல் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்தான் அது. பாதரசம் வந்து இறங்கும், கண்ணாடிக் குழாயில் அடைபடும், தெர்மாமீட்டர் வெளியே போகும். இடையில் உடைந்த கண்ணாடியும் சிந்திய பாதரசமும் அங்கேயே தங்கின. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தார்கள். அந்த மாதமே ஆலை நின்றது, பிறகு திறக்கவே இல்லை. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. நம் நாட்டிலிருந்து ஒரு பணக்கார நாட்டுக்குக் கழிவு கப்பலேறிப் போனது அபூர்வமான சம்பவம்.

அதோடு கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். கப்பலில் ஏற்ற முடிந்தது குவியலாகக் கிடந்த கழிவைத்தான். மண்ணுக்குள் இறங்கிய பாதரசம் அங்கேயே இருந்தது. ஆலை நின்ற இடம் ஒரு மலைச் சரிவின் விளிம்பு. அதற்குக் கீழே பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர் பாம்பாறாகி, கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளம் பக்கம் சமவெளியில் இறங்குகிறது. பாதரசமோ சாதாரண வெப்பநிலையிலேயே மெல்ல மெல்ல ஆவியாகும் உலோகம். காற்றிலும் போகும், மண் துகளோடு மழைத் தண்ணீரிலும் போகும். கொடைக்கானல் ஏரியின் தண்ணீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதாக ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வுக்கூடத்தார் 2006-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மீனில் என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். நீர்நிலையின் வண்டலில் உள்ள சில நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெதில் பாதரசம் என்ற வடிவத்துக்கு மாற்றிவிடும். அது சிறிய மீனில் சேர்ந்து, அதைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் அதிகமாகச் சேர்ந்து, கடைசியில் நம் தட்டுக்கு வரும். ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956-ல் வெளிப்பட்ட நோய்க்கு இந்த மெதில் பாதரசம்தான் காரணம். அங்கே ஆலையிலிருந்தே அது கடலுக்குள் விடப்பட்டது.

சரி, கொடைக்கானல் மண்ணை எப்படிச் சுத்தம் செய்வது? நாகபுரியில் உள்ள நீரி நிறுவனத்தின் யோசனைப்படி வகுத்த முறை இது. மண்ணைத் தோண்டி எடுத்து, தண்ணீரில் கழுவிச் சலிப்பார்கள். உலோகம் பெரும்பாலும் பொடிக் களிமண்ணோடுதான் ஒட்டியிருக்கும். பருமணலும் கல்லும் ஓரளவு சுத்தமாகப் பிரிந்துவிடும். இதனால் மேற்கொண்டு கவனிக்க வேண்டிய மண்ணின் அளவு குறைகிறது. அந்தப் பொடி மண்ணை மூடிய கலத்தில் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும். ஆவியைக் குளிர வைத்துத் திரும்பப் பிடித்துவிடலாம். பாதரசத்தின் கொதிநிலை 357 டிகிரிதான் என்பதால் இது முடிகிறது. ஈயத்துக்கு இந்த வைத்தியம் எடுபடாது, அதன் கொதிநிலை 1700 டிகிரியைத் தாண்டும். நம் வேதியியல் ஆய்வகத்தில் வாலை வடித்தல் செய்திருக்கிறோமே, தத்துவம் அதேதான்.

வேலையை விடப் பெரிய சண்டை ஒரு எண்ணைப் பற்றித்தான் நடந்தது. எவ்வளவு பாதரசம் மிச்சம் இருந்தால் மண் சுத்தம் என்று சொல்லலாம்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்ற அளவு ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம். அதாவது ஒரு டன் மண்ணில் 20 கிராம். ஒரு தெர்மாமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிராம் பாதரசம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் மண்ணில் இருபது தெர்மாமீட்டரை உடைத்துக் கலந்த அளவு. இது போதாது, சோலைக்காட்டு ஓரத்தில் இன்னும் கடுமையான அளவு வேண்டும், வெளிநாட்டில் இதைவிடக் குறைத்து வைத்திருக்கிறார்களே என்றார்கள் எதிர்த்தவர்கள். அளவை மேலும் குறைத்தால் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும், அதிக மரங்களை வெட்ட வேண்டும், சரிவில் மண் அரிப்பு வரும், அதுவே சோலைக்குக் கெடுதல் என்றது மறுதரப்பு. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று.

இரண்டு பக்கத்து வாதத்திலும் அறிவியல் இருக்கிறது, மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 2009-ல் குடியிருப்பு மண்ணுக்கு வகுத்த வழிகாட்டு அளவுகளைப் பாருங்கள். தனிம நிலைப் பாதரசத்துக்கு கிலோவுக்கு 1 மில்லிகிராம். மெதில் பாதரசத்துக்கு 11. மற்ற கனிமப் பாதரசத்துக்கு 170. ஒரே தனிமம், மூன்று வடிவம், மூன்று எண். ஆகவே "பாதரசம் எவ்வளவு?" என்று கேட்டால் மட்டும் போதாது. "எந்த வடிவத்தில், யாருக்குப் பக்கத்தில், எந்த வழியாக உடம்புக்குள் போகும்?" என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை அறிவியல் படித்தவன் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

இந்த வாதங்கள் நடந்த காலத்தைப் பாருங்கள். ஆலை நின்றது 2001-ல். அங்கே வேலை பார்த்த 591 பேருக்குக் கம்பெனியோடு உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். தன் ஆலையால் அவர்கள் உடல்நலம் கெடவில்லை என்பதே கம்பெனியின் நிலை. மனிதாபிமான அடிப்படையில் தருவதாகச் சொல்லித்தான் தந்தார்கள். அந்த 2016-லும் ஆலை மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை ஆரம்பிக்கவில்லை. சுமார் பதினெட்டு வருஷம் ஓடிய ஆலை, நின்ற பிறகு பதினைந்து வருஷம் கழிந்தும் மண் அப்படியே. அழுக்காக்குவதற்கு ஆகிற காலத்தை விட, சுத்தத்தைப் பற்றிப் பேசி முடிக்கவே அதிகக் காலம் ஆகிவிடுகிறது.

இரண்டாவது உதாரணம் ராணிப்பேட்டை. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் என்ற ஆலை தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்தது. 1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. சுமார் ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவு வளாகத்திலேயே மலைபோல் கிடந்தது. 2006-ல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று ஒரு அமெரிக்க அமைப்பு வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. இங்கேதான் நான் சொன்ன மூன்றாவது வழி வருகிறது. குரோமியத்துக்கு இரண்டு முகம் உண்டு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மஞ்சள் நிறம், தண்ணீரில் எளிதாகக் கரைந்து நிலத்தடியில் ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். மூன்று இணைதிறன் கொண்டது பெரும்பாலும் கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், வீரியமும் மிகக் குறைவு. இரும்பு சல்பேட் போன்ற ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால் முதலாவது இரண்டாவதாக மாறுகிறது. நாம் பிப்பெட்டை வைத்துக்கொண்டு டைக்ரோமேட்டும் இரும்பு உப்பும் தரம் பார்த்தோமே, அந்த வினையே வயல் அளவில் நடக்கிறது. "இது எதுக்கு சார் உதவும்?" என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இனி நெல்லுக்கு வருவோம். ஜப்பானில் டொயாமா மாவட்டத்தில் ஜின்சு ஆற்றங்கரை. மேலே கமியோக்காச் சுரங்கம், கீழே நெல் வயல்கள். சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் ஆற்றுத் தண்ணீரோடு வயலுக்கு வந்து அரிசிக்குள் ஏறியது. எலும்பு பொடிந்து, சின்ன அசைவுக்கும் வலி தாங்காமல் அலறிய பெண்களால் அந்த நோய்க்கு "இத்தாய்-இத்தாய்" என்றே பெயர் வந்தது. "வலிக்குதே, வலிக்குதே" என்று அதற்கு அர்த்தம். 1968-ல் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. பிறகு மேல் மண்ணை ஒதுக்கிப் புதைத்து, மேலே நல்ல மண் போட்டு வயல்களை மீட்டார்கள். 1979-ல் ஆரம்பித்த அந்த வேலை 2012-ல்தான் முடிந்தது. மீட்ட வயல் சுமார் 860 ஹெக்டேர். பணமும் தொழில்நுட்பமும் உள்ள ஒரு நாட்டுக்கு, 860 ஹெக்டேருக்கு முப்பத்து மூன்று வருஷம்!

வயலுக்கு ஏன் அவ்வளவு பாடு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் வயலில் உழவு படும் அரை அடி மண்ணின் எடை ஏறத்தாழ 800 டன். லாரிக்குப் பத்து டன் என்றால் எண்பது லோடு. பத்து சென்ட் மனைக்கே எட்டு லோடு. எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது? அதே அளவு நல்ல மண்ணை எந்தக் குளத்திலிருந்து, எந்த மலையைக் குடைந்து கொண்டு வருவது?

"மண்ணைத் தோண்டாமல் செடியை வளர்த்து நஞ்சை உறிஞ்ச முடியாதா?" என்று மாணவர்கள் கேட்பீர்கள். முடியும், ஆனால் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ப்டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி ஆர்செனிக்கை உறிஞ்சித் தன் இலையில் குவிக்கிறது என்று 2001-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் பழஞ்சுவரிலும் கிணற்று ஓரத்திலும் தானாக முளைக்கும் பெரணிதான் அது. ஆனால் எல்லா உலோகத்துக்கும் அப்படி ஒரு செடி கிடையாது. ஒரு ஏக்கரில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வீதம் ஈயம் இருந்தால், அந்த 800 டன் மண்ணில் 80 கிலோ ஈயம். வருஷத்துக்கு 4 டன் காய்ந்த செடி அறுத்து, அதிலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் ஏறியிருந்தால்கூட, வெளியேறுவது 400 கிராம். எண்பது கிலோவையும் எடுக்க இருநூறு வருஷம்! அறுத்த செடியையும் மாட்டுக்குப் போட முடியாது. ஆகவே பல இடங்களில் வெட்டிவேர் போன்ற செடியை நடுவது உலோகத்தை எடுப்பதற்காக அல்ல, மண் தூசியாகப் பறக்காமல், மழையில் அரித்துப் போகாமல் பிடித்து வைப்பதற்காக. அதுவும் நல்ல வேலைதான், ஆனால் "சுத்தமாகிவிட்டது" என்று அதற்குப் பெயர் வைக்கக் கூடாது.

நெல்லில் இன்னொரு நுட்பம் உண்டு. தண்ணீர் கட்டிய வயலில் காற்றுப் படாமல், காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். கதிர் வரும் பருவத்தில் தண்ணீரை வடித்துவிட்டால் அது மறுபடி கரைந்து மணிக்குள் ஏறும். ஆர்செனிக்குக்கு நேர் எதிர், தண்ணீர் கட்டினால்தான் அது கரையும். ஆகவே மடையைத் திறப்பதும் அடைப்பதும்கூட ஒரு மண் வைத்தியம். ஆனால் எந்த உலோகம் என்று தெரியாமல் செய்தால் வைத்தியமே வினையாகும்.

இதெல்லாம் கொடைக்கானலிலும் ஜப்பானிலும் நடந்தது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பெரிய உலோக ஆலைகள் பெருகவில்லை என்பது நமக்கு வாய்த்த பாக்கியம். ஆனால் உலோகம் வர ஆலைதான் வேண்டும் என்பதில்லை. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிற கொல்லைப்புறம் போதும். டியூப் லைட்டும் பேட்டரி செல்லும் பழைய டெலிவிஷனும் கலந்த குப்பை போதும். வலம்புரிவிளைக் குப்பை மேட்டை அறியாத நாகர்கோவில்காரர் யாருமில்லை. அப்படிக் கலந்து குவிந்த குப்பையைச் சலித்து உரம் என்று விற்றால் அதில் என்ன இருக்கும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்ட்டுக்கு எல்லை வகுத்திருக்கிறது. கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, பாதரசம் 0.15. வாங்கும்போது சோதனைச் சீட்டைக் கேளுங்கள். வயலையோ பள்ளத்தையோ நிரப்ப லாரியில் மண் வந்தால், அது எந்த இடத்து மண் என்று டிரைவரிடமே கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இன்னொன்று. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் இருப்பதை, 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்கு வழி காட்டியது. அந்தத் தோரியம் யாரும் கொட்டியதல்ல, இயற்கை வைத்தது. மணலை அள்ளுவது பற்றிய வாதம் தனி, அதற்குள் நான் போகவில்லை. அந்தக் கடற்கரை நமக்குச் சொல்லும் பாடம் வேறு. ஒரு ஊரில் இயற்கையாகவே எவ்வளவு இருக்கிறது என்று முன்கூட்டியே அளந்து வைக்காவிட்டால், நாளைக்கு யாராவது எதையாவது கொட்டும்போது "இது முன்னாலேயே இருந்ததுதான்" என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். மறுக்க நம் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களை மீட்பதற்கென்றே தனி விதிகளை அறிவித்திருக்கிறது. மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்லது. ஆனால் மாசு வந்தது என்று நிரூபிக்க, வருவதற்கு முன்னால் இருந்த அளவு வேண்டுமே? விவசாயிகளுக்குத் தரும் மண்வள அட்டையில் பன்னிரண்டு விவரம் இருக்கும். தழை, மணி, சாம்பல் சத்து, கார அமில நிலை, துத்தநாகம், இரும்பு என்று வரும். ஈயமும் காட்மியமும் பாதரசமும் அதில் வராது. தனியாகக் கேட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். பொன்விழா, மணிவிழா என்று நாம் கட்டிடங்களுக்கு நிதி திரட்டுகிறோம், வேண்டியதுதான். அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, நம் வேதியியல் துறை மாணவர்களைக் கொண்டு, சுற்றியுள்ள ஏலாக்களிலும் விளைகளிலும் குளக்கரைகளிலும் மண் எடுத்துச் சோதிக்க வைப்போம். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் யோசனை கேட்கலாம். எந்த இடம், எந்தத் தேதி, எவ்வளவு ஆழம், எவ்வளவு உலோகம் என்று ஒரு தடித்த நோட்டில் எழுதிக் கல்லூரி நூலகத்தில் வைப்போம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அளப்போம். வயல் வைத்திருப்பவர்கள் மண் எடுக்க அனுமதி தந்தால் போதும், மற்றதை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த நோட்டில் எல்லா எண்ணும் குறைவாகவே இருக்க வேண்டும் என்றுதான் நம் எல்லோருடைய ஆசையும். அப்படி இருந்தால், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. எங்காவது ஒரு எண் கூடுதலாக இருந்தால், முப்பத்து மூன்று வருஷ வேலையாக வளருவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

பந்தியில் இலை போட்டாயிற்று என்று செயலாளர் கை காட்டுகிறார். மண் எடுக்க வயல் தரச் சம்மதிப்பவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது வாசல் மேஜையில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.